டொராண்டோ எவ்வளவு தூரம், டீச்சர்?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்: ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியை, குளச்சல்

கேள்வி: என் மகன் முதல் தடவையாக கனடா போகிறான். ஜூலை மாதம் டிக்கெட். திருவனந்தபுரத்தில் அதிகாலை 4.10-க்கு ஏறி, தோஹாவில் காலை 6.10-க்கு இறங்குகிறான். அங்கே 8.20-க்கு அடுத்த விமானம். டொராண்டோவில் அன்றைக்கே பிற்பகல் 3.20-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. கணக்குப் பார்த்தால் 11 மணி நேரம்தான் வருகிறது. அவனோ கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும் என்கிறான். எது சரி? இன்னொன்று, மேப்பில் கனடா நமக்கு மேற்கே இருக்கிறது. விமானமோ வடக்கே பனிக்கடல் பக்கமாகப் போகும் என்கிறார்களே, ஏன் இப்படிச் சுற்ற வேண்டும்?
– ஒரு தாய், அருமனை

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி அம்மா. 20 மணி 40 நிமிடம் ஆகும். நீங்கள் கழித்ததில் தவறில்லை. ஆனால் 4.10 என்பது நம் ஊர்க் கடிகாரம், 3.20 என்பது டொராண்டோ கடிகாரம். இரண்டு வேறு கடிகாரங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் பயண நேரம் வராது.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் உள்ள எல்லா நேரத்தையும் நம் ஊர் நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள். கத்தார் நாட்டின் தோஹா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே 6.10 என்றால் நம் வீட்டில் 8.40. ஆக முதல் பறப்பு நாலரை மணி நேரம். தோஹாவில் 8.20-க்குப் புறப்படுகிறான், அப்போது நமக்கு 10.50. இடையில் காத்திருப்பது 2 மணி 10 நிமிடம். ஜூலையில் டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே பிற்பகல் 3.20 என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 12.50, தேதியும் மறுநாள் ஆகிவிடும். காலை 10.50 முதல் நள்ளிரவு 12.50 வரை 14 மணி நேரம். நாலரை, இரண்டு பத்து, பதினாலு. கூட்டினால் 20 மணி 40 நிமிடம்.

அன்றைக்கு மாலை நாலு மணிக்கே "இறங்கியிருப்பானே, ஏன் போன் வரவில்லை" என்று நீங்கள் பதறக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். நம் மாலை நாலு மணிக்கு அவன் தோஹாவை விட்டுக் கிளம்பி ஐந்து மணி நேரம்தான் ஆகியிருக்கும். நிம்மதியாகத் தூங்கப் போங்கள். ஒரு மணிக்குமேல் போன் வரும். குடியேற்றச் சோதனையில் வரிசை நீளமாக இருந்தால் இரண்டு, இரண்டரை கூட ஆகலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் குறித்து வையுங்கள். கனடாவில் பெரும்பாலான இடங்களில் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் திருப்பிவிடுவார்கள். அதனால் குளிர்காலத்தில் டொராண்டோவுக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். நாமும் கத்தார்க்காரர்களும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. கிறிஸ்துமஸ் சமயத்து டிக்கெட்டில் இறங்கும் நேரம் ஒரு மணி நேரம் முன்னதாகத் தெரிந்தால் விமானம் வேகமாகப் போகிறது என்று எண்ண வேண்டாம்.

இனி அந்த வடக்குப் பாதை. முப்பது வருடம் வகுப்பில் நின்று சொல்லிக்கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. பிள்ளைகளிடம் வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதனால் எங்கள் அப்பாவின் தூண்டில் நரம்பில் ஒரு முழம் வெட்டி எப்போதும் கைப்பையில் வைத்திருப்பேன். மேசையில் உலக உருண்டை. ஒரு பிள்ளை தோஹாவில் நரம்பின் ஒரு நுனியை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொரு பிள்ளை டொராண்டோவில். முதலில் நரம்பைத் தொளதொளவென்று விட்டு, சுவர் மேப்பில் தெரிகிற மாதிரி எகிப்து, லிபியா, மொராக்கோ, அட்லாண்டிக் என்று மேற்கே வைக்கச் சொல்வேன். பிறகு "பைய இழு" என்பேன். இழுக்க இழுக்க நரம்பு அந்த இடத்தில் நிற்காது. உருண்டையின் வழுவழுப்பில் வழுக்கி வடக்கே ஏறும். மத்தியதரைக் கடலைத் தாண்டும், ஐரோப்பாவின் மேல் ஏறும். விறைப்பாகி இனி நகராது என்று நிற்கும்போது பார்த்தால் துருக்கியின் கிழக்குப் பகுதி, கருங்கடல், போலந்து, டென்மார்க், ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கிரீன்லாந்தின் தென்முனைக்குச் சற்றுக் கீழே என்று போய் கியூபெக் வழியாக டொராண்டோவில் இறங்கியிருக்கும். மிச்சமாகும் நரம்பு ஒரு பிள்ளையின் விரலில் தொங்கும். அந்த மிச்சம்தான் விமானம் மிச்சப்படுத்துகிற தூரம். வகுப்பில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதற்காகவே ஒவ்வொரு வருடமும் அந்த நாளுக்குக் காத்திருப்பேன்.

உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே விறைப்பாக நிற்கும் அந்தக் கோட்டுக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். சுவர் மேப்பில் கோடு போட்டு, திசைகாட்டியின் ஒரே திசையில் மேற்கே போனால் தோஹாவிலிருந்து டொராண்டோ சுமார் 12,100 கி.மீ. பெருவட்டத்தில் போனால் சுமார் 10,900 கி.மீ. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் குறைகிறது. உருண்டையை உரித்துச் சுவரில் ஒட்டும்போது வடக்குப் பகுதிகளை இழுத்துப் பெரிதாக்கிவிடுகிறார்கள். பல மேப்புகளில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவது அதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல 14 மடங்கு பெரியது.

தோஹா வழியாகப் போவது சுற்றுப் பாதையோ என்றும் உங்களுக்குச் சந்தேகம் வரலாம். வராமல் இருக்க அதையும் போட்டுப் பார்த்தேன். திருவனந்தபுரத்திலிருந்து டொராண்டோவுக்கு நரம்பை நேராக இழுத்தால் சுமார் 13,750 கி.மீ. தோஹாவில் இறங்கி ஏறினால் 3,265-ம் 10,875-ம் சேர்த்து 14,140. நானூறு கிலோமீட்டர்கூட அதிகமில்லை. வளைகுடா நம் பாதையிலேயே இருக்கிறது.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று உங்கள் மகன் கேட்டால் காட்டுங்கள். போனில் உள்ள கால்குலேட்டரில் சைன் (sin), காஸ் (cos) என்ற பொத்தான்கள் வரும். கோண அளவு டிகிரியில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தோஹா விமான நிலையத்தின் அட்சரேகை வடக்கு 25.27, தீர்க்கரேகை கிழக்கு 51.61. டொராண்டோ வடக்கு 43.68, மேற்கு 79.63. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்டுகிறோம்: 131.24. இரண்டும் கிழக்கு என்றால் கழிக்க வேண்டும். இப்போது இரண்டு அட்சரேகைகளின் சைனையும் பெருக்குங்கள், 0.295 வரும். இரண்டு அட்சரேகைகளின் காஸையும் பெருக்கி, அதை 131.24-இன் காஸால் பெருக்குங்கள், கழித்தல் 0.431 வரும். இரண்டையும் சேர்த்தால் கழித்தல் 0.136. எந்தக் கோணத்தின் காஸ் இது என்று கால்குலேட்டரிடமே (cos⁻¹ பொத்தான்) கேட்டால் 97.8 டிகிரி என்று சொல்லும். பூமியில் ஒரு டிகிரி 111.2 கி.மீ. பெருக்கினால் 10,875. அவ்வளவுதான். பூமத்திய ரேகைக்கு வடக்கே உள்ள எந்த இரண்டு விமான நிலையத்துக்கும் இதே கணக்கு.

தூரத்திலிருந்து நேரத்துக்கு வர, பெரிய விமானம் மேலே மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,875-க்கு 12 மணி 5 நிமிடம். ஏறவும் இறங்கவும் மெதுவாகப் போவதற்கு அரை மணி சேர்த்தால் 12.35. டிக்கெட்டிலோ 14 மணி நேரம். மீதி எங்கே போனது? கொஞ்சம் தரையிலேயே போகிறது. டிக்கெட்டில் போடுவது விமானம் நின்ற இடத்திலிருந்து நகரும் நேரத்தையும், அங்கே போய் நிற்கும் நேரத்தையும்தான். கொஞ்சம் வளைவுகளில் போகிறது. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளி மூடியிருப்பதால் நரம்பு காட்டுகிற பாதையில் அப்படியே போக முடியாது. பெரும்பங்கு எதிர்காற்று. அதைக் கீழே ஒரு மாணவிக்குச் சொல்லியிருக்கிறேன், சேர்த்துப் படியுங்கள். உங்கள் மகன் திரும்பி வரும்போது டொராண்டோவிலிருந்து தோஹாவுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் குறைவாகவே ஆகும்.

கேள்வி: நாங்கள் ஆழ்கடல் தொழில் செய்பவர்கள். எங்கள் ஜி.பி.எஸ்.ஸில் நாட்டிக்கல் மைல், நாட் என்று வரும். விமானத்தின் திரையிலும் ஒரு தடவை நாட் என்று பார்த்தேன். இரண்டும் ஒன்றுதானா? படகு ஜி.பி.எஸ். கணக்கை வைத்தே விமான தூரத்தையும் பார்க்க முடியுமா?
– ஒரு விசைப்படகுத் தொழிலாளி, வள்ளவிளை

பதில்: தம்பி, இரண்டும் ஒன்றேதான். உண்மையில் இந்தக் கணக்கு ஊரில் மற்ற எல்லோரையும்விட உங்களுக்குத்தான் எளிது. அட்சரேகையில் ஒரு டிகிரியை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தின் நீளம்தான் ஒரு நாட்டிக்கல் மைல், 1,852 மீட்டர். கடலில் தூரத்தை அளக்க பூமியையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். விமான ஓட்டிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல் போனால் ஒரு நாட்.

உங்கள் படகு எட்டு நாட் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். விமானம் சுமாராக 480 நாட். எட்டை அறுபதால் பெருக்கினால் 480. ஆக, உங்கள் படகு ஒரு மணி நேரம் ஓடிச் சேரும் தூரத்தை விமானம் ஒரே நிமிடத்தில் கடக்கும். ஐந்து நாள் இராப்பகலாக ஓடிச் சேரும் இடம் விமானத்துக்கு இரண்டு மணி நேரம்.

480 நாட் வேகத்துக்கு இன்னொரு வசதி உண்டு, அது மணிக்குச் சரியாக எட்டு டிகிரி. திருவனந்தபுரம் விமான நிலையம் வடக்கு 8.48, டெல்லி 28.57. தீர்க்கரேகை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, 76.92-ம் 77.10-ம். நேர் வடக்கு. அதனால் சைனும் வேண்டாம், காஸும் வேண்டாம். கழித்தால் 20 டிகிரி. எட்டால் வகுத்தால் இரண்டரை மணி நேரம், ஏற இறங்க அரை மணி, ஆக மூன்று மணி. டிக்கெட்டில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். தூரம் வேண்டுமானால் 20.09-ஐ 111-ஆல் பெருக்குங்கள், 2,230 கி.மீ.

உங்கள் ஜி.பி.எஸ்.ஸில் இடத்தைப் போட்டால் அது காட்டும் தூரமும் பெரும்பாலும் பெருவட்டத் தூரமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றில் கவனம். கருவி டிகிரி, நிமிடம் என்று காட்டுகிறதா, தசமத்தில் காட்டுகிறதா என்று பாருங்கள். திருவனந்தபுரம் விமான நிலையம் 8 டிகிரி 29 நிமிடம். இதை 8.29 என்று அடித்துவிட்டால் அது வேறு இடம். 29-ஐ 60-ஆல் வகுத்து 8.48 என்று அடிக்க வேண்டும். அந்தச் சின்னத் தவறில் 21 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். விமானத்துக்கு அது ஏட்டுக் கணக்கு. கடலில் உங்களுக்கு அப்படியல்ல. ஆபத்தில் கரைக்கு இடத்தைச் சொல்லும்போது "எட்டு டிகிரி, இருபத்தொன்பது நிமிடம்" என்று டிகிரி, நிமிடம் என்ற சொற்களைச் சேர்த்தே சொல்லுங்கள். தம்பிமாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பூமி கிழக்கே சுற்றுகிறது. அப்படியானால் விமானம் மேலே எழும்பிச் சும்மா நின்றாலே துபாய் கீழே வந்துவிடாதா டீச்சர்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தக்கலை

பதில்: நல்ல கேள்வி மக்களே. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போகும்போது ஒரு ஆரஞ்சுப் பழத்தை மேலே தூக்கிப் போட்டுப் பார். அது பின் பெட்டிக்குப் போய் விழுகிறதா? உன் கையிலேயே விழும். ரயிலின் வேகம் பழத்துக்கும் இருக்கிறது, பெட்டிக்குள் உள்ள காற்றுக்கும் இருக்கிறது. பூமியும் அப்படித்தான். நம் பக்கத்துத் தரை மணிக்கு ஆயிரத்து அறுநூறு கி.மீ.க்குமேல் கிழக்கே ஓடுகிறது. காற்று மண்டலமும் அதோடு ஓடுகிறது, ஓடுபாதையில் நிற்கிற விமானமும் ஓடுகிறது. மேலே எழும்பினதும் அந்த வேகம் போய்விடாது.

ஆனால் காற்று தரையோடு அச்சாகச் சேர்ந்து ஓடுவதில்லை, அதில்தான் விஷயம் இருக்கிறது. நமக்கு வெகு வடக்கே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி வேகமாக ஓடும் காற்று உண்டு. அதைத் தாரைக் காற்று என்பார்கள். குளிர்காலத்தில் மணிக்கு இருநூறு கி.மீ.க்கும் மேலே போகும். கிழக்கே போகிற விமானத்துக்கு அது தள்ளிவிடுகிற கை, மேற்கே போகிறதுக்கு எதிர்நீச்சல்.

இதற்கு ஓர் உண்மைக் கதை. டெல்லியிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா விமானம் மேற்கே அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அது ஏறத்தாழ 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதைத் திருப்பி, கிழக்கே பசிபிக் வழியாக அனுப்பினார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆகிவிட்டது. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதல். ஆனாலும் பதினாலரை மணி நேரத்தில் போய் இறங்கியது, பழைய பாதையைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாக. காற்று முதுகில் இருந்தது. ஆகவே உன் நோட்டில் தூரத்துக்கு ஒரு வரி, நேரத்துக்கு ஒரு வரி என்று தனித்தனியாக எழுது. குறைந்த தூரம் எப்போதும் குறைந்த நேரம் ஆகாது.

கேள்வி: நாகர்கோவிலிலிருந்து அதிகாலை விமானத்துக்கு வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?
– வாசகர், வடசேரி

பதில்: விமானம் எடுக்கும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ரோடு சுமார் 70 கி.மீ. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று வழியெல்லாம் ஊர்தான், இரவிலும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அதிகாலை 4.10 என்றால் இரவு 11 மணிக்கு வண்டி வாசலை விட்டு நகர்ந்துவிட வேண்டும்.

ஆனால் எந்த இரவு 11 மணி என்பதைத்தான் நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். 1993-இல் என் தம்பி சவுதிக்குப் புறப்பட்டான். டிக்கெட்டில் 17-ஆம் தேதி, 0040 என்று இருந்தது. நள்ளிரவு 12.40. நாங்கள் 17-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெபம் சொல்லி, ஏத்தங்காய் சிப்ஸும் மீன் ஊறுகாயும் கட்டிக்கொண்டு இரண்டு வண்டியில் போனோம். வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டை விளக்குக்கு நேரே பிடித்து இரண்டு தடவை படித்தார். பிறகு தம்பி முகத்தைப் பார்த்து, "இது நேற்று ராத்திரியே போயிருச்சே மோனே" என்றார். அம்மாவுக்கு அது புரியவே சில நிமிடம் ஆனது. ஊறுகாய்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த டிக்கெட்டுக்கு அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. வீட்டில் ஒரு பூகோள டீச்சர் இருந்தும், 16-ஆம் தேதி இரவு என்று நானும் பார்க்கவில்லை.

நள்ளிரவு 12-க்குப் பிறகு தேதி மாறிவிடுகிறது. டிக்கெட்டில் 00, 01, 02, 03, 04 என்று தொடங்கும் நேரம் இருந்தால், நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவது அதற்கு முந்தின நாள் இரவு. டிக்கெட் கைக்கு வந்தவுடனே பேனாவால் அதன் மேலேயே "வெள்ளி இரவு 11-க்கு வீட்டிலிருந்து" என்று கிழமையோடு தமிழில் எழுதிவிடுங்கள். வண்டிக்காரரிடமும் தேதியைச் சொல்லாமல் கிழமையைச் சொல்லுங்கள். அருமனை அம்மா, உங்களுக்கும் இதுதான். மகனின் 4.10 விமானத்துக்கு முந்தின நாள் இரவே கிளம்ப வேண்டும். அருமனையிலிருந்து தூரம் குறைவு, இரவு 11.30 போதும்.